விம்பிள்டன் ஜூனியர் கோப்பை 3 முறை... மூன்றுக்கும் சென்னைதான் பயிற்சிக் களம்! ஆட்டக்காரர் 'கோச்' ஆனால் என்ன நடக்கும்? ரமேஷ் கிருஷ்ணன் கதை சொல்லும் பாடம்

கோடை விடுமுறை வந்தா காஞ்சிபுரத்துல பல வீடுகள்ல இந்தப் பேச்சு வரும். பையனையோ பொண்ணையோ ஒரு விளையாட்டுல சேர்க்கணும். கிரிக்கெட்டா, பேட்மிண்டனா, டென்னிஸா? டென்னிஸ்னு முடிவு பண்ணினா அடுத்த கேள்வி தயாரா நிக்கும்: "சரி, முப்பது வயசுல ஆட்டம் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் என்ன பண்ணுவான்?"

நியாயமான கேள்விதான். டென்னிஸ்ல ஒருத்தர் உச்சத்துல இருக்கிற காலம் ரொம்பக் குறைவு. ஆட்டத்தை விட்டவங்கள்ல நிறைய பேர் போய்ச் சேருகிற இடம் கோச் வேலை. ஆனா, நல்லா ஆடினவர் நல்லா சொல்லிக் கொடுத்திடுவாரா? ஆடின கையும் கற்றுக் கொடுக்கிற கையும் ஒண்ணுதானா?

இதுக்குப் பதில் தேட நாம வெளிநாடு போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துல இருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்துல, சென்னையிலேயே ஒரு குடும்பம் இருக்கு. தாத்தா, அப்பா, மகன்னு மூணு தலைமுறையா டென்னிஸ் கற்றுக்கொண்டும் கற்றுக்கொடுத்தும் வந்த குடும்பம். அதன் மூன்றாவது தலைமுறைதான் ரமேஷ் கிருஷ்ணன். அவர் கதையை வைத்தே இந்தக் கேள்வியைப் புரிஞ்சுக்கலாம், வாங்க.

முதல்ல ஒரு ஆச்சரியமான கணக்கு

விம்பிள்டன்ல பெரியவர்கள் போட்டியோடு சேர்த்து 18 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கும் தனிப் போட்டி நடக்கும். அதில் இந்தியாவுக்காக ஆடி ஒற்றையர் பட்டம் வென்றவர்கள் இதுவரை மூணே பேர்.

1954 - ராமநாதன் கிருஷ்ணன்.
1979 - அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன்.
1990 - லியாண்டர் பயஸ்.

இதில் பயஸ் கொல்கத்தாக்காரர். ஆனா, அவர் பட்டை தீட்டப்பட்டது சென்னையில. ஆக, மூன்று கோப்பைக்கும் பின்னால் இருப்பது அன்றைய மெட்ராஸ் டென்னிஸ் தளங்கள்தான். மூன்று பேருக்கும் பின்னால் சரியான நேரத்துல சரியான ஆள் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. முதல் இரண்டு பேருக்கும் அந்த ஆள் சொந்த அப்பா.

முதல் தலைமுறை: பேர் தெரியாத கோச்

ராமநாதன் கிருஷ்ணன் பேர் தெரிஞ்ச அளவுக்கு அவருடைய தந்தை டி.கே.ராமநாதன் பேர் வெளியே தெரியாது. அவரும் டென்னிஸ் ஆடியவர்தான். ஆனா உலகப் புகழ் எல்லாம் இல்லை. 1937ல் நாகர்கோவிலில் பிறந்த தன் மகனுக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

1951ல் நடந்த ஒரு சம்பவம் இன்றும் சொல்லப்படுது. சென்னை லயோலா கல்லூரியில் நடக்கும் பெர்ட்ராம் போட்டி கல்லூரி மாணவர்களுக்கானது. அப்போ கிருஷ்ணன் பள்ளிக்கூடப் பையன். கல்லூரி முதல்வரிடம் சிறப்பு அனுமதி வாங்கி அந்தப் போட்டியில் இறங்கினார். கல்லூரி அண்ணன்களை எல்லாம் தோற்கடிச்சுப் பட்டத்தையும் வாங்கிட்டார். அப்போ அவருக்கு 14 வயசு.

கோச் வேலையோட முக்கியமான பாதி இதுதான். ஃபோர்ஹேண்டு, பேக்ஹேண்டு சொல்லிக் கொடுப்பது ஒரு பாதி. 'இந்தப் பையன் எந்த வயசுல, எந்த அளவு எதிராளியோட மோதணும்'னு முடிவெடுப்பது மறு பாதி. தன் வயசுப் பையன்களையே தோற்கடிச்சுக்கிட்டு இருந்தா கோப்பை சேரும், ஆட்டம் வளராது.

அடுத்த மூன்றே வருடத்தில், 1954ல் விம்பிள்டன் ஜூனியர் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்றார் கிருஷ்ணன். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். அந்தக் கூப்பர் சாதாரண ஆள் இல்லை, 1958ல் விம்பிள்டன் சாம்பியன் ஆனவர்.

1960, 1961 என இரண்டு வருடம் தொடர்ந்து விம்பிள்டன் ஆடவர் அரையிறுதி வரை போனார் கிருஷ்ணன். 1960ல் நீல் ஃப்ரேசரிடமும், 1961ல் ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த வருடம் கோப்பையைத் தூக்கியவர்களே அந்த இரண்டு பேர்தான்.

1966ல் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்கு இந்தியா முதல் முறையாகப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றது. அந்த ஒரே ஒரு வெற்றி இரட்டையரில் வந்தது. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து ஜான் நியூகோம்ப் - டோனி ரோச் ஜோடியைத் தோற்கடித்தார்கள். இந்த டோனி ரோச் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வருவார்.

அந்தக் காலத்துல டென்னிஸ் ஒரு தொழிலா?

இல்லைன்னே சொல்லலாம். 1968 வரை விம்பிள்டன் உள்ளிட்ட பெரிய போட்டிகளில் பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் வீரர்களுக்கு மட்டும்தான் இடம். பணம் வாங்கி ஆடுகிறவர்கள் தனிக் குழுவாக ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள். அவர்கள் விம்பிள்டனும் ஆட முடியாது, நாட்டுக்காக டேவிஸ் கோப்பையும் ஆட முடியாது.

அப்படி ஒரு குழுவை நடத்திய அமெரிக்காவின் ஜாக் கிராமர், 1959ல் கிருஷ்ணனுக்குப் பெரிய தொகை கொடுக்கத் தயாராக இருந்தார். கிருஷ்ணன் வேண்டாம்னு சொல்லிட்டார். பின்னாளில் அவர் சென்னையில் சமையல் காஸ் விநியோக ஏஜென்சி நடத்தினார். விம்பிள்டன் அரையிறுதி ஆடியவருக்கே அன்றைக்கு நிலைமை அதுதான்.

இரண்டாவது கைமாற்றம்: அப்பாவிடம் இருந்து மகனுக்கு

ரமேஷ் கிருஷ்ணன் 1961 ஜூன் மாதம் சென்னையில் பிறந்தார். அப்பா இரண்டாவது முறையாக விம்பிள்டன் அரையிறுதி ஆடிய அதே கோடைகாலம்.

1979ல் ரமேஷ் பிரெஞ்சு ஓபன் ஜூனியர், விம்பிள்டன் ஜூனியர் இரண்டையும் ஒரே வருடத்தில் வென்றார். உலகின் நம்பர் 1 ஜூனியர் ஆனார். அப்பா வென்ற அதே விம்பிள்டன் கோப்பை, சரியாக 25 வருடம் கழித்து மகன் கையில்.

பெரியவர்கள் ஆட்டத்தில் அவர் செய்தது என்ன? முக்கியமானவை மட்டும்:

• 1981, 1987 - அமெரிக்க ஓபன் காலிறுதி. 1981ல் அவரை நிறுத்தியவர் ஜான் மெக்கன்ரோ. அந்த வருட சாம்பியனும் அவரே.
• 1985 ஜனவரி - ஒற்றையர் தரவரிசையில் உலகின் 23வது இடம்.
• 1986 - விம்பிள்டன் காலிறுதி.
• 1987 - சிட்னியில் நடந்த டேவிஸ் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தன் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். முடிவைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை நேர் செட்களில் தோற்கடித்தார். இந்தியா இறுதிச் சுற்றுக்குப் போனது.
• 1989 - ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் நம்பர் 1 ஆக இருந்த நடப்பு சாம்பியன் மேட்ஸ் விலாண்டரை வீழ்த்தினார்.

1987 இறுதிப் போட்டியில் ஸ்வீடனிடம் 5-0 எனத் தோற்றோம். ஆனாலும், அப்பா 1966ல், மகன் 1987ல் என இருவருமே டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றில் இந்தியாவுக்காக ஆடிய பெருமை இந்த வீட்டுக்கு இருக்கு.

வரமும் சிக்கலும் ஒரே இடத்தில்

ரமேஷின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரே வார்த்தை சொல்வார்கள்: டச். பந்தை ஓங்கி அடிக்க மாட்டார். எதிராளி அடித்த வேகத்தையே கடன் வாங்கி, மென்மையாகத் திருப்பி, அவர் எட்ட முடியாத மூலையில் வைப்பார். இது அப்பாவின் பாணி. அப்பாவிடமிருந்து அப்படியே வந்த சொத்து.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. ரமேஷின் சர்வீஸில் வேகம் குறைவு. அப்பா ஆடிய காலத்தில் மரத்தால் செய்த ராக்கெட், பெரும்பாலும் புல் தளம். அங்கே நுணுக்கத்துக்கு மதிப்பு அதிகம். 1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் மூன்று புல் தளத்தில்தான் நடந்தன. அமெரிக்க ஓபன் 1975ல் புல்லை விட்டது. ஆஸ்திரேலிய ஓபன் 1988ல் விட்டது. நடுவில் கிராஃபைட் ராக்கெட் வந்து பந்தின் வேகமே மாறிப்போச்சு.

அதாவது, அப்பா தன் கையில் இருந்த சிறந்ததை மகனுக்குக் கொடுத்தார். மகன் களத்துக்கு வந்தபோது களமே வேற மாதிரி ஆகிவிட்டது. அப்படியிருந்தும் உலகின் 23வது இடம் வரை போனது ரமேஷின் பெரிய சாதனை.

ஒவ்வொரு கோச்சும் மாட்டிக்கொள்ளும் முடிச்சு இதுதான். அவருக்குத் தெரிந்தது அவர் ஆடிய ஆட்டம். அவரிடம் வரும் குழந்தை ஆடப்போவது பத்து வருடம் கழித்து நடக்கும் ஆட்டம்.

கோச்னா ஒரே வேலையா? இல்லை, மூணு வேலை

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 31 வயது ரமேஷ், 19 வயது லியாண்டர் பயஸுடன் ஜோடி சேர்ந்து இரட்டையர் காலிறுதி வரை போனார். 1993ல் இந்தியா பிரான்ஸுக்கே போய் பிரான்ஸைத் தோற்கடித்து டேவிஸ் கோப்பை அரையிறுதிக்குத் தகுதி பெற்றது. அந்த அணியிலும் இருவரும் இருந்தார்கள். அந்த வருடத்தோடு ரமேஷ் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகு அவர் எடுத்தது கற்றுக் கொடுக்கும் பாதை. இந்தப் பாதையில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கு. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1) அகாடமி கோச்: ஓர் இடத்தில் தளம் அமைத்து, சின்னக் குழந்தையில் இருந்து ஜூனியர் வீரர் வரை வளர்ப்பது. ரமேஷ் தன் தந்தையுடன் சேர்ந்து சென்னையில் டென்னிஸ் பயிற்சி மையம் நடத்தினார். விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன் இருவர், ஒரே மையத்தில்!

2) பயண கோச்: ஒரே ஒரு தொழில்முறை வீரருடன் உலகம் முழுக்கப் போவது. விமான டிக்கெட், தங்கும் செலவு, சம்பளம் எல்லாம் பொதுவாக அந்த வீரர் பாக்கெட்டில் இருந்துதான் போகும். அதனால்தான் தரவரிசையில் கீழே இருக்கும் இந்திய வீரர்கள் பல வாரம் கோச் இல்லாமல் தனியாகவே போகிறார்கள்.

3) அணியின் கேப்டன்: டேவிஸ் கோப்பையில் தானே ஆடாத கேப்டன் ஒருவர் களத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்காரலாம். சைடு மாறும்போது வீரரிடம் பேசலாம். யாரை ஆட வைப்பது என்பதும் அவர் முடிவு. ஆஸ்திரேலியாவின் ஹாரி ஹாப்மன் இப்படிக் கேப்டனாக இருந்தே 16 டேவிஸ் கோப்பைகளை வாங்கிக் கொடுத்தவர். ரமேஷும் ஓய்வுக்குப் பிறகு இந்திய டேவிஸ் கோப்பை அணியின் கேப்டனாக இருந்திருக்கிறார்.

மற்ற போட்டிகளில் கோச் பேசக் கூடாதா?

ரொம்ப காலம் பேசக் கூடாது. கேலரியில் உட்கார்ந்து கை தட்டலாம், அவ்வளவுதான். 2018 அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டியில், கேலரியில் இருந்த கோச் சைகை காட்டியதாகச் சொல்லி செரீனா வில்லியம்ஸுக்கு நடுவர் எச்சரிக்கை கொடுத்தது பெரிய சர்ச்சையானது நினைவிருக்கலாம்.

2022ல் இருந்து ஆடவர் தொடரில் சோதனை முறையில் இதைத் தளர்த்தினார்கள். 2025 ஜனவரி 1 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதியிலேயே, களத்துக்கு வெளியே இருந்து கோச் சுருக்கமாகப் பேச அனுமதி வந்துவிட்டது. ஆக, கோச்சின் மதிப்பு முன்பைவிட இப்போது கூடியிருக்கு.

சரி, நல்ல ஆட்டக்காரர்தான் நல்ல கோச்சா?

இங்கேதான் டோனி ரோச்சை மறுபடியும் கூப்பிடணும். 1966ல் கிருஷ்ணன் - முகர்ஜி ஜோடியிடம் தோற்றாரே, அவரேதான். பின்னாளில் அவர் இவான் லெண்டிலுக்குக் கோச் ஆனார். அப்புறம் பாட்ரிக் ராஃப்டர், ரோஜர் ஃபெடரர்னு பட்டியல் நீண்டது.

லெண்டில் தான் ஆடிய முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் தோற்றவர். அதன் பிறகுதான் வெல்லத் தொடங்கி எட்டுப் பட்டங்கள் வாங்கினார். ஆனா, விம்பிள்டன் மட்டும் கடைசி வரை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

2012ல் அவர் ஆண்டி முர்ரேவுக்குக் கோச் ஆனார். முர்ரேவும் முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளில் தோற்றவர்! நான்காவது தோல்வி லெண்டில் கோச்சாக இருந்தபோதே நடந்தது. அதன் பிறகு அதே வருடம் ஒலிம்பிக் தங்கம், அமெரிக்க ஓபன், அடுத்த வருடம் விம்பிள்டன். தனக்குக் கிடைக்காத கோப்பையைத் தன் மாணவனுக்கு வாங்கிக் கொடுத்தார் லெண்டில்.

இந்த இடத்தில் முன்னாள் வீரராக இருப்பது உதவுது. 'தோத்துட்டேன், என்னால முடியாது'னு ஒரு வீரர் உடைஞ்சு உட்காரும்போது, 'நானும் நாலு தடவை தோத்தவன்தான்' என்று சொல்ல எல்லோராலும் முடியாது.

ஆனா இதற்கு மறுபக்கமும் உண்டு. அகாசி, கூரியர், செலஸ் போன்றவர்களை வளர்த்த நிக் பொல்லெட்டரி தொழில்முறை டென்னிஸ் ஆடியதே இல்லை. ரஃபேல் நடாலை உருவாக்கிய அவருடைய சித்தப்பா டோனி நடாலும் உலக அளவில் ஆடிய வீரர் இல்லை. நம்ம டி.கே.ராமநாதனும் அப்படித்தான்.

அப்போ எது முக்கியம்? ஒரு பெரிய ஆட்டக்காரருக்குப் பல விஷயங்கள் யோசிக்காமலே கைக்கு வந்துவிடும். கற்றுக் கொடுக்க வேண்டும் என்றால், அதைப் பிரித்து, படிப்படியாக்கி, ஏழு வயசுக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அது தனி வேலை. அதைத் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆடிய அனுபவம் கூடுதல் பலம். அதுவே தகுதி ஆகிவிடாது.

அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு யார்?

ரமேஷுக்கு வீட்டிலேயே கோச் இருந்தார். எல்லா வீட்டிலும் அது நடக்குமா? இந்தக் கேள்விக்கு சென்னை 1980களில் ஒரு பதில் கொடுத்தது.

விஜய் அமிர்தராஜ் குடும்பம் பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கிய பயிற்சித் திட்டம்தான் பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் திட்டம், சுருக்கமாக 'பேட்'. நாடு முழுக்க இருந்து தேர்ந்தெடுத்த பையன்களை சென்னைக்குக் கொண்டுவந்து, தங்க வைத்து, படிக்க வைத்து, பயிற்சியும் கொடுத்தார்கள். 1985ல் அங்கே வந்து சேர்ந்தவர் லியாண்டர் பயஸ்.

ஐந்து வருடத்தில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம். 1952க்குப் பிறகு தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

வீட்டுக்குள் அப்பா - மகன் என்று நடந்த வேலையை ஒரு ஏற்பாடாக மாற்றியதுதான் 'பேட்' செய்த பெரிய விஷயம். பெற்றோர் டென்னிஸ் ஆடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. திறமை இருந்தால் போதும்.

இதே மாதிரி முன்னாள் வீரர்கள் கற்றுக்கொடுக்க வந்தது கொல்கத்தாவிலும் நடந்தது. ஜெய்தீப் முகர்ஜி அங்கே அகாடமி தொடங்கினார். அக்தர் அலி வீரராக இருந்து கோச் ஆனார், அவர் மகன் ஜீஷன் அலி பல வருடம் இந்திய டேவிஸ் கோப்பை அணியின் கோச்சாக இருந்தார்.

அப்படியும் 23ஐ ஏன் தாண்ட முடியல?

வருத்தமான பகுதி இதுதான். 1985ல் ரமேஷ் தொட்ட 23வது இடத்தை, அதற்குப் பிறகு வந்த எந்த இந்திய ஆடவரும் ஒற்றையரில் தொடவில்லை. சோம்தேவ் தேவ்வர்மனின் சிறந்த இடம் 62 (2011). சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 75 (2019). சுமித் நாகல் 68 (2024). 40 வருடம் ஓடிப்போச்சு.

இரட்டையரில் நாம கலக்குகிறோம். பயஸ், மகேஷ் பூபதி, ரோஹன் போபண்ணா மூவருமே இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் வென்றவர்கள். ஒற்றையரில் மட்டும் ஏன் இந்த நிலை?

ஒண்ணு, ஆட்டம் மாறிப்போச்சு. இப்போது ஹார்டு கோர்ட், களிமண் தளம்தான் அதிகம். உடல் பலம், நீண்ட ராலி, வேகமான சர்வீஸ் இல்லாமல் முடியாது. நம் பழைய பலமான புல் தள நுணுக்கத்துக்கு வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே இடம்.

இரண்டு, ஒரு கோச் மட்டும் போதாது. உடற்பயிற்சி நிபுணர், பிசியோ, கூடவே ஆடி வேகம் கொடுக்கும் பயிற்சித் துணை என ஒரு குழு தேவை. இதெல்லாம் பணம்.

மூன்று, 15 வயதில் இருந்து 20 வயது வரையிலான காலம். ஜூனியரில் ஜொலித்த பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். பயணச் செலவும், கூடவே வரும் கோச்சும் தேவைப்படும் நேரமும் இதுதான்.

உதாரணம் வேணுமா? கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஷ்வரன் 2025 பிப்ரவரியில், 15 வயதில் மும்பை ஓபனில் அரையிறுதி வரை போய் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். அவருக்குப் பயிற்சி கிடைப்பது ஸ்பெயினின் மயோர்காவில் உள்ள ரஃபேல் நடால் அகாடமியில். நல்ல விஷயம்தான். ஆனா, 1985ல் கொல்கத்தா பையன் சென்னைக்கு வந்து வளர்ந்தான். இன்று தமிழ்நாட்டுப் பெண் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கு.

காஞ்சிபுரத்துப் பெற்றோர் என்ன பார்க்கணும்?

உங்க பிள்ளையை டென்னிஸில் சேர்க்கப் போறீங்களா? கோச்சின் சுவரில் எத்தனை கோப்பை இருக்குன்னு எண்ணுவதற்கு முன் இதைப் பாருங்க.

பந்தின் நிறம்: பத்து வயதுக்குள் உள்ள குழந்தைக்குச் சாதாரண மஞ்சள் பந்து கொடுக்கக் கூடாது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எனப் படிப்படியாக வேகம் கூடும் பந்துகள் இருக்கு. சிவப்புப் பந்து மஞ்சளைவிட சுமார் 75 சதவீதமும், ஆரஞ்சு 50 சதவீதமும், பச்சை 25 சதவீதமும் மெதுவானது. 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளுக்கே இது சர்வதேச விதி.

தளத்தின் அளவு: முழு டென்னிஸ் தளம் 23.77 மீட்டர் நீளம். சின்னக் குழந்தைக்கு அதில் பாதி அளவே உள்ள சிவப்புத் தளம், அடுத்து சுமார் 18 மீட்டர் ஆரஞ்சுத் தளம். முதல் நாளே முழுத் தளத்தில் நிறுத்தினால் குழந்தை பந்து பொறுக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

கோச்சின் படிப்பு: எந்தப் பயிற்சி முடித்திருக்கிறார்னு தயங்காமல் கேளுங்க. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் கோச் சான்றிதழ்களில் படிநிலைகள் உண்டு. பஞ்சாப் மாநிலம் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமும் கோச்களுக்கான பட்டயப் படிப்பு நடத்துது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க: 20 குழந்தைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ரெண்டு பந்து அடிக்கிறார்களா, இல்லை எல்லோரும் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்களா? தப்பு செய்தால் கோச் கத்துகிறாரா, காரணம் சொல்கிறாரா?

போட்டித் திட்டம்: 'அடுத்த ஆறு மாதத்தில் என் பிள்ளை எந்தப் போட்டியில் ஆடணும், ஏன்?' என்று கேளுங்க. 1951ல் டி.கே.ராமநாதனிடம் இதற்குப் பதில் இருந்தது. இன்றைய கோச்சிடமும் இருக்கணும்.

இன்னொண்ணு. அப்பாவே கோச் ஆனது கிருஷ்ணன் குடும்பத்தில் பலித்தது. அதைப் பார்த்து, தோற்று வரும் பிள்ளைக்கு வண்டியிலேயே பாடம் எடுக்கத் தொடங்கிடாதீங்க. வீட்டில் கோச் தேவைப்படுவதைவிட அப்பா, அம்மா தேவைப்படுவது அதிகம்.

பிள்ளை மாநில, தேசிய அளவுக்கு வந்துவிட்டால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் எலைட், மிம்ஸ் போன்ற உதவித்தொகைத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க முடியுமான்னு மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியா, அந்த முதல் கேள்வி

'ஆட்டம் முடிஞ்சப்புறம் என்ன பண்ணுவான்?'

இதற்குப் பதில் காஞ்சிபுரத்துக்காரங்களுக்குப் புதுசு இல்லை. கோர்வைப் புடவை நெய்யும் வீட்டில், தறியில் உட்காரும் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளணும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அது வீட்டுப் பிள்ளைதான். அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தே தொழில் கைக்கு வந்தது. அந்தக் கை தளரும்போது, அடுத்த கைக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கும்.

அதே தறியில் இன்று பலர் ஏன் தம் பிள்ளையை உட்கார வைப்பதில்லை என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். வேலை தெரிந்தால் மட்டும் போதாது, அதில் பிழைப்பும் இருக்கணும். விம்பிள்டன் அரையிறுதி ஆடிய ராமநாதன் கிருஷ்ணன் வருமானத்துக்கு வேறு தொழில் தேட வேண்டியிருந்தது. ரமேஷ் காலத்தில் ஆடுவது தொழிலானது. இன்று கற்றுக் கொடுப்பதும் தொழிலாகியிருக்கு. அது மரியாதையான, நிலையான தொழிலாக மாறினால்தான் சின்ன ஊர்களுக்கும் நல்ல கோச் வருவார். கொல்கத்தா பையனை சென்னை வளர்த்த மாதிரி, ஒரு காஞ்சிபுரம் பிள்ளையை வளர்க்கவும் யாராவது பக்கத்தில் நிற்பார்கள்.

23 என்ற அந்த எண் 40 வருடமாக அப்படியே இருக்கு. அதை உடைக்கப் போகும் பிள்ளைக்கு இப்போ ஏழு வயசா இருக்கலாம். அவன் கையில் இருப்பது சிவப்புப் பந்தா, மஞ்சள் பந்தா என்பதில் இருந்து கதை தொடங்குது.